சர்குலர் வந்தாச்சா, அண்ணாச்சி?

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர், தேவர்குளம் எல்லாம் தாண்டினால் பனவடலிசத்திரம். காலை எட்டு மணிக்கு இந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் கல்லூரிக்காரர்கள் இரண்டு கட்சியாக நிற்பார்கள். ஒரு கட்சி தெற்கே போகும். ஜங்ஷனில் இறங்கி, டவுன், பேட்டை என்று இன்னொரு பஸ் பிடித்து அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேண்டும். இன்னொரு கட்சி வடக்கே போகும். மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியிலும் சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரிகளிலும் அவர்களுக்கு வேலை. பஸ் வரும்வரை டீக்கடை வாசலில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: “சர்குலர் வந்தாச்சா, அண்ணாச்சி?”

எந்த சர்குலர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அகவிலைப்படி நிலுவையா, விடைத்தாள் திருத்தும் முகாமா, சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு விடுமுறை உண்டா இல்லையா, பட்டமளிப்பு விழாவுக்கு யார் யாருக்கு என்ன வேலை என்பதா? அந்த வாரத்தில் எது காற்றில் இருக்கிறதோ அது. வடக்கே போகிறவர் கேட்பார், தெற்கே போகிறவர் சொல்வார். பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகம் அனுப்பும் தபால் கல்லூரி முதல்வர் மேசைக்கு வந்து, அங்கிருந்து துறைகளுக்கு இறங்குவதற்குள் விஷயம் இந்த டீக்கடையில் பழசாகிவிடும். பாதி சரியாக இருக்கும், பாதி தப்பாக இருக்கும். எந்தப் பாதி சரி என்பதுதான் சிக்கல்.

ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடப்பதை வெளியூர்ப் பத்திரிகைகள் எழுதுகின்றன. துணைவேந்தர் நியமனம், ஆளுநர் சர்ச்சை, மாணவர் போராட்டம் எல்லாம் தலைப்புச் செய்தி. அந்த வளாகத்தில் வேலை பார்க்கிறவருக்கு அடுத்த வாரம் என்ன நடக்கப்போகிறது என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. ஆசிரியர், எழுத்தர், ஆய்வக உதவியாளர், ஓட்டுநர், தோட்டக்காரர், கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் என்று இத்தனை பேர் இருக்கும் இடத்தில், எல்லாருக்கும் பொதுவான செய்தித்தாள் ஒன்று கிடையாது. இருப்பது சுற்றறிக்கையும் வாட்ஸ்அப்பும்தான்.

அறிவிப்புக்கும் பணத்துக்கும் நடுவே

2025 ஏப்ரல் 28. சட்டப்பேரவையில் 110-வது விதியின் கீழ் முதல்வர் மு.க.ஸ்டாலின் அரசு ஊழியர்களுக்கான அறிவிப்புகளைப் படித்தார். ஜனவரி 1 முதல் 2 சதவீத அகவிலைப்படி உயர்வு. பண்டிகை முன்பணம் 10,000 ரூபாயிலிருந்து 20,000. கொரோனா வந்த 2020 ஏப்ரலில் நிறுத்திவைத்த ஈட்டிய விடுப்புச் சரண் 2025 அக்டோபர் 1 முதல் மறுபடியும் உண்டு. ஆண்டுக்கு 15 நாள் விடுப்பை ஒப்படைத்துக் காசாக வாங்கிக்கொள்ளும் சலுகை அது. ஐந்து ஆண்டுக்கு மேல் வராமல் போன அந்தத் தொகையை நம்பி முன்பெல்லாம் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்கள், வீட்டுக்கு வெள்ளை அடித்தவர்கள் எத்தனையோ பேர். அன்று மதியமே டிவியில் செய்தி ஓடியது. அரசு அலுவலகங்களில் கைதட்டல்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் கேள்வி வேறு மாதிரி: “நமக்கும் உண்டுல்லா?”

உண்டா இல்லையா என்பது டிவி பார்த்தால் தெரியாது. பல்கலைக்கழகம் அரசுத் துறை அல்ல. தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் தன்னாட்சி அமைப்பு. அரசாணை வர வேண்டும். அது உயர்கல்வித் துறை வழியாக வர வேண்டும். நிதிப் பிரிவு குறிப்பு எழுத வேண்டும். ஆட்சிக்குழு (சிண்டிகேட்) ஏற்க வேண்டும். அதன்பிறகு பதிவாளர் சுற்றறிக்கை விடுவார். அதற்கும் பிறகு கணக்குப் பிரிவில் பட்டியல் போட்டுப் பணம் வரும். இந்தப் படிகள் ஒவ்வொன்றும் நியாயமானவைதான். ஆனால் எந்தப் படியில் கோப்பு நிற்கிறது என்று ஊழியருக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லாத இடத்தில் வதந்தி உட்காரும். “ஃபைல் நிதி அலுவலர் மேசையில் இருக்காம்”, “சென்னைக்குப் போயிருக்காம்”, “அடுத்த சிண்டிகேட்ல வருதாம்.” அந்த ‘ஆம்’களை நம்பித்தான் வீட்டு பட்ஜெட்.

ஓய்வூதிய விஷயத்தில் இது இன்னும் கூர்மை. 2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை முதல்வர் அறிவித்தார். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும், ஊழியர் பங்கு 10 சதவீதம் என்றார்கள். அன்றைக்கே வளாகங்களில் கிளம்பிய கேள்வி, ‘பல்கலைக்கழகக்காரனுக்கு இது எப்போ?’ என்பது. கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவர்கள் மாதக்கணக்கில் ஓய்வூதியம் வராமல் வாசலில் உட்கார்ந்ததை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியதையும் படித்தார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்பதே செய்தியாகிவிட்ட காலத்தில், அந்தச் செய்தியை நிர்வாகமே முன்வந்து சொல்வது மரியாதை மட்டுமில்லை, அதன் கடமையும்கூட.

சுற்றறிக்கை என்ற காகிதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே ந.க.எண். அதன்கீழ் ‘பொருள்’. அதன்கீழ் ‘பார்வை’ என்று ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு வாக்கியம் தொடங்கும். பார்வை ஒன்றில் கண்டவாறும் பார்வை இரண்டில் அறிவுறுத்தப்பட்டவாறும் என்று அது ஒரு பத்தி முழுக்க நடக்கும். படிக்கிறவருக்குத் தேவையான தேதி கடைசி வரியில், அதுவும் பல சமயம் ‘உடனடியாக’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது ஆங்கிலத்தில்தான். தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் பெயரில் பல்கலைக்கழகம். 2021 டிசம்பரில் அந்தப் பாடல் மாநிலப் பாடலே ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு தோட்டத் தொழிலாளி தன் விடுப்பைப் பற்றிய தாளைப் படிக்க இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அந்தத் தாளை அலுவலக உதவியாளர் ஒரு நோட்டுக்குள் வைத்து அறை அறையாகக் கொண்டுபோவார். பேருக்கு நேரே சுருக்கொப்பம் போட வேண்டும். அன்று விடுப்பில் இருந்தவர், மதிப்பீட்டு முகாமுக்குப் போயிருந்தவர், காலைப் பிரிவு முடித்துக் கிளம்பிவிட்டவர் பேருக்கு நேரே வெறும் கட்டம். ஒப்பம் போட்டவர்களில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை. நோட்டில் பெயரே இல்லாதவர்களைப் பற்றித்தான் இனிமேல் பேச வேண்டும்.

நோட்டில் இல்லாத பெயர்கள்

அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதம். மே மாதம் சம்பளம் இல்லை. பல்கலைக்கழக மானியக்குழு 2019-இல் சொன்ன கணக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல். சொன்னதற்கும் கையில் வருவதற்கும் இடையே பாதிக்குப் பாதி. சுயநிதிப் பிரிவில் பாடம் எடுக்கிறவர்கள் நிலை இதைவிட மோசம். இவர்கள் வாழ்க்கையை மாற்றக்கூடிய செய்தி இரண்டே இரண்டுதான்: தகுதித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு. இரண்டிலும் இவர்கள் பட்ட பாடு இந்த வட்டாரத்துக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் முதல் கதை அபிஷேகப்பட்டியில்தான் தொடங்கியது.

உதவிப் பேராசிரியர் ஆக தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’ அல்லது ‘செட்’ தேர்ச்சியோ, முனைவர் பட்டமோ வேண்டும். தமிழ்நாட்டில் மாநிலத் தகுதித் தேர்வான செட்டை 2018 மார்ச்சில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நடத்தியது. அதற்குப் பிறகு ஆறு ஆண்டு தேர்வே இல்லை. 2024-இல் அந்தப் பொறுப்பு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. ஏப்ரல் முழுக்க விண்ணப்பம். ஜூன் 7, 8 தேதிகளில் கணினி வழித் தேர்வு என்று அறிவித்தார்கள். மாநிலம் முழுக்க ஏராளமானோர் விண்ணப்பித்தார்கள். நம்ம ஊர்ப் பல்கலைக்கழகம் நடத்துகிறது என்பதில் இந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

தேர்வு நெருங்கி வந்த நேரத்தில், தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைப்பு என்று அறிவிப்பு வந்தது. புதுத் தேதி பிறகு அறிவிக்கப்படும் என்றார்கள். அந்தப் ‘பிறகு’ மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வைத் தன் கையில் எடுத்து 2025 மார்ச் 6 முதல் 9 வரை நடத்தி முடித்தது. இடைப்பட்ட ஒன்பது மாதத்தில் விண்ணப்பித்தவர்களுக்குக் கிடைத்த நம்பகமான செய்தி எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். தேதி தெரியாமல் படிப்பது எப்படி என்று தேர்வு எழுதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வகுப்பும் எடுத்து, இரவில் டியூஷனும் சொல்லிக்கொடுத்து, வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு ‘புதிய தேதி’யையும் திறந்து பார்த்து ஏமாந்தவர்கள் அவர்கள்.

வேலை அறிவிப்பின் கதையும் ஏறக்குறைய இப்படியே. 2024 மார்ச்சில் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்கள் என்று அறிவிப்பு. ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புது அறிவிப்பு வந்தது. நாற்பது வயதைத் தொட்ட கௌரவ விரிவுரையாளருக்கு நாலாயிரம் என்பது இரண்டாயிரத்து எழுநூறாகச் சுருங்கியது வெறும் எண் அல்ல. ஆனால் பல கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் இது பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட வந்திருக்காது. ‘அது அவங்க சொந்த விஷயம்’ என்பது நிர்வாகத்தின் நினைப்பு. கல்லூரியின் பாடவேளையில் பெரும்பங்கைத் தாங்குகிறவர்களின் எதிர்காலம் எப்படிச் சொந்த விஷயமாகும்?

நாலு மாவட்டம், நாலு திருவிழா

எல்லாமே இவ்வளவு கனமான செய்தி இல்லை. வளாகத்தில் அதிகம் தேடப்படும் செய்தி எது என்று கேட்டால் ‘நாளைக்கு லீவா?’ என்பதுதான். சிரிக்க வேண்டாம், இது நிஜமான நிர்வாகச் சிக்கல்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லை திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனதும் நாலாகிவிட்டது. உள்ளூர் விடுமுறையை அந்தந்த ஆட்சியர் அறிவிப்பார். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் விடுமுறை, தென்காசி மாவட்டத்தில் இருக்கும் பனவடலிசத்திரத்தில் கிடையாது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குத் தென்காசி மாவட்டத்தில் விடுமுறை; அபிஷேகப்பட்டியில் அலுவலகம் உண்டு. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி. நவம்பர் 1 தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாளுக்குக் கன்னியாகுமரி. அதோடு கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை. ஒவ்வொன்றையும் ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்தச் சனிக்கிழமையும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

பனவடலிசத்திரத்துக்காரர் பாடு இதில் தனி. கோமதி அம்மன் தபசுக் காட்சி கொடுக்கும் நாளில் ஊரே சங்கரன்கோவிலுக்குப் போகும். வீட்டில் விருந்தாள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மேலநீலிதநல்லூர்க்காரருக்கும் விடுமுறை. ஆனால் அபிஷேகப்பட்டியில் வேலை பார்க்கிறவர் அன்று பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் தற்செயல் விடுப்பில் ஒன்றைக் கழிக்க வேண்டும். பஸ் ஏறலாம் என்றாலும், பஸ் எல்லாம் திருவிழாவுக்குத் திருப்பிவிட்டதில் தெற்கே போக வண்டி கிடைப்பது கஷ்டம். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மாவட்ட எல்லை அப்படி. ஜூன் மாதமே நாலு மாவட்டத்து விடுமுறையையும் ஈடு செய்யும் சனிக்கிழமையையும் தேர்வு நாளையும் ஒரே தாளில் போட்டுக் கொடுத்தால் ஆடி மாதத்துக் குழப்பத்தில் முக்கால்வாசி தீரும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் அது உதவி.

மழை விடுமுறை என்றால் அது வேறு கணக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென்மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி திருநெல்வேலிக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த அறிவிப்பு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால், தூத்துக்குடிப் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. வாட்ஸ்அப்பை மட்டும் நம்பும் நிர்வாகம் செல்போன் அணையும் நாளில் ஊமையாகிவிடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 

சென்னையிலிருந்து அபிஷேகப்பட்டி வரை

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி 1895-இலும் தூய சவேரியார் கல்லூரி 1923-இலும் வந்தபோது தலைமை நிலையம் சென்னைப் பல்கலைக்கழகம். தேர்வுத் தேதியும் பாடத்திட்டமும் தபாலில் ரயிலேறி வந்தன. 1966-இல் மதுரையில் பல்கலைக்கழகம் வந்ததும் தொலைவு குறைந்தது. 1990 செப்டம்பரில் திருநெல்வேலிக்கே பல்கலைக்கழகம் வந்தது. காகிதம் பயணிக்கும் தூரம் இப்படிப் படிப்படியாகக் குறைந்தது. எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை.

அந்தக் காலத்திலும் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தது என்றால் அது சங்கங்களால்தான். மதுரை காமராசர், மனோன்மணியம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் சங்கமான மூட்டாவின் துண்டறிக்கைக்கு இருந்த மதிப்பு பல சமயம் நிர்வாகச் சுற்றறிக்கைக்கு இருந்ததில்லை. கல்லூரி வாசலில் மதிய இடைவேளையில் நடக்கும் வாயிற்கூட்டத்தில் கால் மணி நேரம் நின்றால் அரசாணை எண், நிலுவைத் தொகை, வழக்கின் நிலை, அடுத்த ஆர்ப்பாட்டத் தேதி எல்லாம் கைக்கு வந்துவிடும். அதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும்தான். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் எதிரே நிற்பார். சுற்றறிக்கையிடம் கேள்வி கேட்க முடியாது.

ஆசிரியர் இயக்கத்திலிருந்து வந்து துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வே.வசந்தி தேவி. 1992 முதல் 1998 வரை மனோன்மணியம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 2025 ஆகஸ்ட் 1 அன்று காலமானார். அவர் மறைந்த செய்தி பரவியபோது பேராசிரியர்களோடு அலுவலக ஊழியர்களும் அவர் காலத்தை நினைத்துப் பேசியதைக் கவனித்திருப்பீர்கள். ஊழியர் அறைக்குள் வந்து உட்கார்ந்து பேசும் நிர்வாகியின் நினைவு நிற்கும், காகிதத்தில் மட்டும் பேசுகிறவரின் நினைவு நிற்காது.

அதே ஆகஸ்ட் 13 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவையும் இங்கே சொல்ல வேண்டும். ஆளுநர் ஆர்.என்.ரவியிடம் பட்டம் வாங்காமல், ஒரு ஆய்வு மாணவி துணைவேந்தர் என்.சந்திரசேகரிடம் போய் வாங்கிக்கொண்ட காட்சி நாடு முழுக்க ஓடியது. செய்தி என்ற வகையில் அது செய்திதான். ஆனால் அந்த விழாவுக்கு முன்னால் வளாகத்தில் என்னென்ன நடந்திருக்கும்? ஆயிரக்கணக்கான சான்றிதழ்களில் பெயரெழுத்து சரிபார்க்க வேண்டும். ஒரு ‘த’ ஒரு ‘ட’ மாறினால் ஆயுளுக்கும் திட்டு. நேரில் வருகிறவர், வராதவர் என்று பட்டியல் பிரிக்க வேண்டும். அங்கி கணக்கு, ஒத்திகை, வாகன அனுமதி, காவல்துறைப் பட்டியல், சாப்பாட்டு டோக்கன், குடிதண்ணீர். தேர்வுப் பிரிவில் வாரக்கணக்கில் இரவு ஏழு மணிக்கு முன் விளக்கு அணையாது. இதில் ஒரு வரிகூட எங்கும் அச்சாவதில்லை. யாரும் எழுதாவிட்டாலும் பல்கலைக்கழகமாவது எழுதலாம் அல்லவா? ஊழியர் செய்தி என்பது நிர்வாகம் ஊழியருக்குச் சொல்வது மட்டும் இல்லை. ஊழியர் செய்ததை மற்ற ஊழியருக்குச் சொல்வதும்தான்.

மற்ற ஊர்களில்

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கெஜட்டும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரிப்போர்ட்டரும் 1870-இலேயே தொடங்கியவை. காலியிடம், நியமனம், விதி மாற்றம், குழுக்களின் முடிவு, வரப்போகும் சொற்பொழிவு என்று எல்லாம் அவற்றில் வரும். நடை சுவாரசியமாக இருக்காது. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று நிர்வாகமும் சொல்ல முடியாது, ஊழியரும் சொல்ல முடியாது. அச்சில் வந்தது இரண்டு பக்கத்தையும் கட்டும். நம் வளாகங்களில் இல்லாதது அந்தக் கட்டுப்பாடுதான்.

இங்கிலாந்து வரை போக வேண்டியதும் இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்காக ‘உழவரின் வளரும் வேளாண்மை’ என்று ஒரு மாத இதழ் நடத்துகிறது. எளிய தமிழில், பயிர்ப் பருவத்துக்கு ஏற்றபடி. வளாகத்துக்கு வெளியே இருக்கும் விவசாயிக்குப் புரியும்படி எழுதத் தெரிந்த பல்கலைக்கழகங்களுக்கு உள்ளே இருக்கும் ஊழியருக்குப் புரியும்படி எழுதத் தெரியாது என்று நான் நம்பவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிதம்பரம் சாட்சி. 2012 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு கிளம்பியதும் ஊழியர்கள் திரண்டார்கள், வளாகமே நின்றுபோனது. அளவுக்கு மீறி ஆள் எடுத்திருந்தார்கள் என்பது உண்மை. பணம் இல்லை என்பதும் உண்மை. அந்த உண்மை ஊழியரின் காதுக்கு முதன்முதலில் மிரட்டலாகத்தான் வந்து சேர்ந்தது. 2013-இல் அரசு நிர்வாகத்தை ஏற்றது. பிறகு ஆயிரக்கணக்கானோர் மாநிலத்தின் பல அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். தென்மாவட்டக் கல்லூரிகளிலும் ‘அண்ணாமலையிலிருந்து வந்தவர்’ என்று ஒருவரைக் காட்டுவார்கள். குடும்பம் சிதம்பரத்தில், வேலை இங்கே.

இன்னொரு திருநெல்வேலியிலும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஊரின் பெயர் அதுதான். 2024 மே 2 முதல் இலங்கை முழுக்கப் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் சம்பளக் கோரிக்கைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. நூலகம் திறக்க ஆள் இல்லை, விடுதியில் தண்ணீர் திறக்க ஆள் இல்லை, தேர்வுப் பிரிவு பூட்டிக் கிடந்தது. பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியரும் மாணவரும் மட்டும்தான் என்று நினைத்தவர்களுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது.

என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஐ நாம் மனுப் போடும் சட்டமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் 4-வது பிரிவு மனு இல்லாமலே தகவலைத் தானாக வெளியிடச் சொல்கிறது. முடிவுகளால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த முடிவின் காரணத்தைச் சொல்லவும் சொல்கிறது. பல்கலைக்கழகமும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொது அமைப்புதான். ஆட்சிக்குழு கூடிய ஒரு வாரத்துக்குள், ஊழியரைத் தொடும் தீர்மானங்களை இரண்டு பக்கத் தமிழில் எழுதி வெளியிடுவது சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்திய வேலை. ரகசியம் காக்க வேண்டிய பணியாளர் விவகாரங்களைத் தவிர்த்துவிடலாம்.

‘பட்ஜெட் இல்லை’ என்ற பதில் இதில் செல்லாது. நாலு பக்கத் தாளுக்கு என்ன செலவு? மக்கள் தொடர்பு அலுவலர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் எழுதும் குறிப்பெல்லாம் பத்திரிகைகளுக்குப் போகிறது, ஊழியருக்கும் ஒரு பிரதி போகட்டும். அபிஷேகப்பட்டியில் தொடர்பியல் துறை இருக்கிறது, தமிழியல் துறை இருக்கிறது. பத்திரிகைத் தொழில் படிக்கும் மாணவருக்குத் தன் வளாகத்தைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது. கணக்குப் பிரிவில் போய் நின்று, ‘அகவிலைப்படி நிலுவை எங்கே நிற்கிறது?’ என்று கேட்டு எழுதப் பழகிய பையன் நாளைக்குக் கோட்டையிலும் கேட்பான்.

முதல் பக்கத்தில் அரசாணைகள்: எது வந்தது, நமக்குப் பொருந்துமா, எந்த மேசையில் இருக்கிறது, எப்போது பணம். இரண்டாம் பக்கத்தில் நாலு மாவட்டத்து நாள்காட்டி: உள்ளூர் விடுமுறை, ஈடு செய்யும் சனிக்கிழமை, தேர்வு, மதிப்பீட்டு முகாம், மாளவியா ஆசிரியர் பயிற்சி மையத்தின் புத்தாக்கப் பயிற்சி, சட்டமன்றத் தேர்தல் வந்தால் தேர்தல் பணிப் பயிற்சி நாள். மூன்றாம் பக்கம் முழுக்கக் கௌரவ விரிவுரையாளருக்கும் தற்காலிக ஊழியருக்கும்: நெட், செட், தேர்வு வாரியம், வைப்புநிதி, காப்பீடு, யாரிடம் போய்க் கேட்பது. நாலாவது பக்கத்தில் மனிதர்கள்: யார் ஓய்வு பெறுகிறார், யார் முனைவர் பட்டம் வாங்கினார், எந்த ஓட்டுநரின் மகள் பிளஸ் டூவில் எத்தனை மார்க், யார் வீட்டில் துக்கம். கடைசிப் பக்கத்தைத்தான் எல்லாரும் முதலில் படிப்பார்கள் என்பது பத்திரிகை நடத்திய எவருக்கும் தெரியும்.

செல்போனில் அனுப்பட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே இணைவுபெற்ற ஒவ்வொரு கல்லூரிக்கும் பத்துத் தாள் அச்சிலும் போகட்டும். ஒன்று ஆசிரியர் அறைக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று காவலாளி உட்காரும் வாசல் அறைக்கு. அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பல கல்லூரிகளில் யாருக்கும் தெரியாது. உள்ளே துருப்பிடித்த குண்டூசியில் மூன்று வருடத்துக்கு முந்தைய கால அட்டவணை தொங்கும். முதலில் அந்தச் சாவியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.